நெய் பூசிய கைகள்

கட்வே
18 ஜூன் 1995

தம்பி புசிங்கேவுக்கு,

உன்னை "அராலி" என்றும் என்னை "அட்யேரி" என்றும் கூப்பிட்டுத்தான் நம் வீட்டில் பழக்கம். உன் செல்லப் பெயரை எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. அதனால் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிற பெயரையே போட்டிருக்கிறேன். எனக்கு எவ்வளவு கோபம் என்று இதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் துறையின் காகிதம் எங்கள் உப்புச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. கிளார்க் எல்லாரையும் கூட்டிவைத்து உரக்கப் படித்தான். இந்த ஏரி உப்பு தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் உண்டாக்குவதாகத் தெரியவில்லையாம். ஆகையால் கரையில் நல்ல தண்ணீர்க் குழாய் போடத் தேவை எழவில்லையாம். அடியில் உங்கள் தலைமை அதிகாரியின் கையெழுத்து, அதற்குக் கீழே உன் கையெழுத்து. இரண்டாம் வகுப்பில் நான் கைப்பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த அதே கையெழுத்து.

படித்து முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உப்புப் பாத்தியில் எனக்கு அடுத்து வேலை செய்கிற நியாகாட்டோவை உனக்குத் தெரியும், அவள் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் அட்யேரி, உன் தம்பி வந்தப்ப கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தானா? இல்ல, ஆட்டுக்கறி தின்ன மயக்கத்துல மூடிட்டானா?"

ஏரிக்குள் இறங்கிப் பாறை உப்பு வெட்டுகிற பியாமுகாமா, "எரிச்சல் இல்லையாமே! அப்ப நான் ராத்திரி பூரா பொழுது போகாமத்தான் சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்கேனா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

என் இடது கண் உனக்குத் தெரியாததா? போன வருஷம் உப்புத் தண்ணீர் தெறித்ததும் கழுவ ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடைத்ததா கரையில்? மேட்டுக்கு ஏறி, அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் இருக்கிற எட்வர்ட் ஏரிவரை ஓடினேன். நீர்யானை எங்கே கிடக்கிறதோ என்று பார்த்துப் பார்த்து இறங்கித் தண்ணீரை அள்ளுவதற்குள் கண் வெந்தே போய்விட்டது. உடனே கழுவியிருந்தால் பார்வை தப்பித்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது வலது கண்ணிலும் காலையில் எழுந்தால் மணல் போட்ட மாதிரி உறுத்துகிறது. இந்தக் கண்ணாவது எனக்கு மிஞ்ச வேண்டும். அதற்குத்தான் குழாய் கேட்டோம். அதற்குத்தான் "என் தம்பியே பரிசோதனைக்கு வர்றான், இனிமே கவலைய விடுங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நீ வந்தபோது நான் என்ன குறை வைத்தேன், சொல். வருகிறவர் கண்ணுக்குக் கௌரவமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்னதாகவே யாரையும் ஏரியில் இறங்கவிடவில்லை. எல்லாரையும் குளிக்க வைத்தேன். மாட்டுக்காரர்களிடம் கெஞ்சிப் புது நெய் வாங்கி, சோதனைக்கு நிற்கிற ஒவ்வொருத்தர் கையிலும் நானே தேய்த்துவிட்டேன். குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்கிற ஊரில் நீ கை கழுவ ஒரு கேன் நிறையத் தனியாக வைத்தேன். விருந்தாளி கழுவுகிறவரை அதில் ஒரு சொட்டு யாரும் தொடவில்லை.

எல்லாம் தின்றுவிட்டுப் போய் எரிச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நன்றாயிரு.

உன் அக்கா
கபஹேண்டா

—

கம்பாலா
30 ஜூன் 1995

அன்புள்ள அட்யேரி அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் பக்கமும் கேள்.

உப்பை நனைத்துத் துணியில் வைத்து முன்கையில் ஒட்டினேன். நாலு மணி நேரம் கழித்துப் பிரித்தேன். சிவந்திருந்தால் ஓர் எண், வீங்கியிருந்தால் பெரிய எண், ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம். இதுதான் முறை. மறுநாள் காலையும் வந்து பார்த்தேன் அல்லவா? வரிசையாகப் பூஜ்யம். பார்த்ததை எழுதாமல் பார்க்காததை எழுதச் சொல்கிறாயா? கையெழுத்துப் போடும்போது எனக்கு மட்டும் இனித்ததா?

கண்ணைப் பற்றிச் சொன்னால் இன்னும் சிரிப்பாய். மனுஷர் கண்ணில் உப்பைப் போட்டுப் பார்க்க முடியாது. அதற்கு முயல் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்துக் கூண்டு காலி. ஓர் அதிகாரியின் பிரிவு விருந்தன்று முயல்கள் குழம்பாகிவிட்டன. அதனால் புத்தகத்தைப் பார்த்து எழுது என்றார் என் தலைமை அதிகாரி செகிட்டோ. புத்தகத்தில் ஒவ்வோர் உப்பும் தனித்தனி ஆள். கறியுப்பா, ஒன்றும் செய்யாது. பேதிக்குக் கொடுக்கிற உப்பா, ஒன்றும் செய்யாது. சலவைச் சோடா கண்ணை எரிக்கும் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. உங்கள் ஏரியில் இவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணுகிறார்களே ஐயா, சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "உப்புன்னா உப்புதான்பா. தினமும் சோத்துல போட்டுத் திங்கிறோம், செத்தா போயிட்டோம்?" என்றார். அதோடு முடிந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஓர் இடத்தில் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா, சோதனைக்கு நின்றவர்கள் கையிலெல்லாம் நெய் தேய்த்தாயா?

நெய் பூசிய தோலில் உப்புத் தண்ணீர் எப்படி ஒட்டும்? வாழை இலையில் விழுந்த மழை மாதிரி வழிந்து போயிருக்கும். போதாக்குறைக்கு இரண்டு நாள் ஏரியில் இறங்காமல், குளித்து, இருந்த சிவப்பையும் ஆற்றிவிட்டு நிறுத்தியிருக்கிறாய். நான் சோதித்தது உங்கள் தோலை இல்லை, மாட்டுக்காரன் நெய்யை. ஐயோ, ஏன் அக்கா இப்படிச் செய்தாய்?

அராலி

—

கட்வே
9 ஜூலை 1995

புசிங்கேவுக்கு,

நீ அராலி என்று கையெழுத்துப் போட்டாலும் நான் அப்படி எழுதுவதாக இல்லை.

ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்கிறாய். வருகிறவர் முன்னால் காய்ந்த தோலோடு நிற்பது எவ்வளவு அவமானம் என்று நீ மறந்துவிட்டாயா? உப்புப் பூத்த கையை நீட்டி, பிச்சை கேட்கிற மாதிரி நிற்கச் சொல்கிறாயா எங்களை? அதுவும் என் தம்பி முன்னால்?

நான் தேய்த்தேன், சரி. நீ எங்கே போனாய்? பியாமுகாமாவின் கையைப் பிடித்ததும் மூக்கருகில் கொண்டுபோய், "ஆகா, புது நெய்! வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்று சொன்னது யார்? உன் பெட்டியில் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது, பஞ்சு இருந்தது, நானே பார்த்தேன். துடைக்க வேண்டியதுதானே?

நீ ஏன் துடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைவிட மூத்தவர்கள் உனக்காகப் பூசிக்கொண்டு நிற்கும் நெய்யை அவர்கள் முகத்துக்கு நேரே வழித்துப் போட உனக்கு மனசு வரவில்லை. கம்பாலாவிலிருந்து வேறு எவனாவது வந்திருந்தால் கூசாமல் துடைத்திருப்பான். நீ நம் ஆளாய்ப் போனதுதான் தப்பு.

உன் கடிதத்தை நியாகாட்டோவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வந்தால் குளிக்காமல், பூசாமல், ஏரியிலிருந்து அப்படியே ஏறி வந்து நிற்பாளா என்று கேட்டேன்.

"நாய் மாதிரியா நிக்கணும்? என் புருஷனே என்னை அப்படிப் பாத்ததில்ல. ஒரு குழாய்க்காக மானத்த விக்கச் சொல்றான் உன் தம்பி. போகச் சொல்லு."

அவள் போன பிறகு நான் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தேன். வெயிலில் உப்பு பளபளத்துக் கண்ணைக் குத்தியது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ஏரி இல்லை, மேடு இல்லை, வெறும் பால் நிறம். திரும்ப வலது கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

திரும்பச் சோதனை செய்ய முடியுமா, முடியாதா? அதை மட்டும் எழுது. உபதேசம் வேண்டாம்.

கபஹேண்டா

—

கம்பாலா
22 ஜூலை 1995

அக்கா,

முடியும். ஆனால் நான் வர மாட்டேன்.

செகிட்டோவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் நெய் கதையைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம், "அந்த அட்யேரிங்கிறது யாரு?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓகோ. அக்காவுக்குக் குழாய் வேணும், தம்பி சோதனை பண்றான். முதல்ல பூஜ்யம்னு எழுதிட்டு, வீட்டுல திட்டு விழுந்ததும் மாத்தி எழுத வந்திருக்கான். உன்னை யாருய்யா அங்க அனுப்பினது?"

அனுப்பியதே அவர்தான். என்னை ஆய்வுமேசையிலிருந்து எடுத்துச் சரக்கறையில் போட்டுவிட்டார். இப்போது கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் ஒன்று. மேலிடத்தில் யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அவரே அடுத்த மாதம் 12ஆம் தேதி உங்கள் ஏரிக்கு வருகிறார். ஒரே ஒரு நாள்தான். "ஒண்ணுமில்லைன்னு நானே காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நெய் வேண்டாம். குளியல் வேண்டாம். காலையில் ஏரியில் இறங்கி, வேலை செய்து, உப்போடு உப்பாக அப்படியே ஏறி வந்து நில்லுங்கள். புண் இருந்தால் மறைக்காதீர்கள். அதே சமயம் உதவி செய்கிறேன் என்று எவனும் கள்ளிப்பாலைத் தடவிக்கொண்டும் வர வேண்டாம். பியாமுகாமாவிடம் இதைக் குறிப்பாகச் சொல்.

நியாகாட்டோ சொன்னது சரிதான், அது அவமானம்தான். ஆனால் இது உன் வலது கண், அக்கா. என்னால் அங்கே வந்து நிற்க முடியவில்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

அராலி

—

கட்வே
14 ஆகஸ்ட் 1995

தம்பிக்கு,

உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

நீ சொன்னபடியே செய்தோம். நியாகாட்டோகூட வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். விடியற்காலையிலேயே இறங்கி வேலை செய்து, தோல் வெடித்து, வெள்ளை வெள்ளையாக ஏறி வந்து வரிசையில் நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கள்ளிப்பால் விஷயத்தை நீ எப்படிக் கண்டுபிடித்தாயோ, பியாமுகாமாவின் கை கொப்புளம் போட்டுப் பலூன் மாதிரி இருந்தது! "உன் தம்பிக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இளித்தான். காதைப் பிடித்துத் திருகி வரிசையிலிருந்து இழுத்து, போய் வேலையைப் பார் என்று ஏரிக்கே அனுப்பிவிட்டேன்.

செகிட்டோ ஐயா வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற பூட்ஸ். எங்கள் கையை எட்ட நின்று பார்த்தார். தொடவில்லை. உன் மாதிரி துணி ஒட்டவும் இல்லை. "இதெல்லாம் குளிக்காத அழுக்கு. சோப்புப் போட்டா போயிடும்" என்றார். நியாகாட்டோ என் கையைக் கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

அப்புறம் குவியலிலிருந்து ஈர உப்பை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். "பாருங்கம்மா, எனக்கு ஏதாச்சும் ஆச்சா? உப்புன்னா உப்புதான்."

ஐயா, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று பந்தலுக்குக் கூட்டிப் போனேன். கேழ்வரகுக் களியும் மீன் குழம்பும் எடுத்து வைத்தேன். அவர் கை கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீர் ஓரமாக இருந்தது. கரையில் இருந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான்.

நான் கேனைத் தூக்கி அவர் கைக்கு நேராகச் சாய்க்கப் போகிறேன், ஏரியிலிருந்து ஒரு கூப்பாடு. பியாமுகாமா. கடப்பாறை பாறையில் வழுக்கி, தண்ணீர் பீய்ச்சி அவன் கண்ணிலேயே அடித்திருக்கிறது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். "அட்யேரி, கண்ணு! என் கண்ணு!"

விருந்தாளி இன்னும் கை கழுவவில்லை. அவருடைய தண்ணீர் என் கையில். ஒரு நிமிஷம் நின்றேன், அதை ஒத்துக்கொள்கிறேன். உன் வேலை, நம் வீட்டு மானம், எல்லாம் அந்தக் கேனில் இருந்தது. அப்புறம் என் இடது கண் ஞாபகம் வந்தது. அவனைக் கீழே தள்ளி மல்லாக்கப் படுக்க வைத்து, இமையை விரலால் விரித்து, மொத்தத் தண்ணீரையும் ஊற்றினேன். காலியாகிறவரை ஊற்றினேன்.

செகிட்டோ ஐயாவுக்குக் கோபம். "என்னம்மா இது? எனக்கு வச்ச தண்ணிய..." என்று எழுந்தவர், நெற்றி வேர்வையைத் துடைத்தார். உப்பைக் கசக்கிய அதே கையால். வேர்வையும் உப்பும் சேர்ந்து கண்ணுக்குள் போய்விட்டது.

ஐயோ தம்பி, அவர் போட்ட சத்தம்! தரையில் உட்கார்ந்துவிட்டார். கசக்கக் கசக்க இன்னும் அதிகமாயிற்று. "தண்ணி! தண்ணி கொண்டாங்க!"

நான் கேலிக்குச் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். "குழாய் இன்னும் வரலையே ஐயா. தேவையில்லைன்னு எழுதி வந்துச்சு."

சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். வழி நெடுகக் கத்திக்கொண்டே போனார். நீர்யானை பயம்கூட இல்லாமல் தண்ணீரில் முகத்தை முக்கினாராம். அப்படியே வண்டியேறிப் போய்விட்டார். களி ஆறிக் கிடந்தது. வந்தவர் கைகூடக் கழுவாமல் போனது நான் வைத்த விருந்தில் இதுதான் முதல் தடவை, அது எனக்குப் பெரிய கஷ்டம்.

பியாமுகாமாவின் கண் சிவந்திருக்கிறது. ஆனால் தெரிகிறது. உடனே கழுவியதால் தப்பித்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உனக்கு என்ன ஆயிற்று? உடனே எழுது.

அக்கா

—

கம்பாலா
27 ஆகஸ்ட் 1995

அக்கா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரக்கறைக்குக் கீழே அனுப்ப இங்கே வேறு இடம் இல்லை.

அவர் ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நேற்று ரிப்போர்ட் வெளியே வந்தது. குழாய் உண்டு. ஆமாம், நிஜமாகவே உண்டு. உத்தரவு போட்டாயிற்று.

ஆனால் குதிக்காதே. உப்பைப் பற்றிய பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. "குறிப்பிடத்தக்க எரிச்சல் இல்லை." குழாயைப் பற்றி வேறொரு பக்கத்தில் இருக்கிறது: "ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கை கழுவும் வசதிக்காக மட்டும்." பூட்டு போட்டு வைக்க வேண்டுமாம். சாவி சங்கத்தில் இருக்க வேண்டுமாம்.

படித்ததும் அந்தக் காகிதத்தை அவர் மேசையில் வீசி, "உங்க ஒரு கண்ணு எரிஞ்சா குழாய், அவங்க எல்லார் கண்ணும் எரிஞ்சா பூஜ்யமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போய் குப்பிய அடுக்கு" என்றார்.

பூட்டிய குழாயை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? உனக்காக என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று நினைக்கும்போது எனக்கு என்மீதே வெறுப்பாக இருக்கிறது.

அராலி

—

கட்வே
8 அக்டோபர் 1995

என் அராலி,

ஆமாம், அராலிதான். செகிட்டோ ஐயாவின் மேசையில் காகிதத்தை வீசினாய் அல்லவா, அன்றைக்கே இந்தப் பெயர் உனக்குத் திரும்பி வந்துவிட்டது. எழுதத்தான் நேரமில்லை.

குழாய் போன மாதமே வந்துவிட்டது. பந்தலுக்குப் பக்கத்தில், எங்கள் பாத்தியிலிருந்து கூப்பிடு தூரம். பித்தளைத் திருகு, அதன்மேல் இரும்புச் சங்கிலி, சங்கிலியில் கனத்த பூட்டு. அதிகாரிகளுக்கு விருந்து வைக்கிறவள் நான்தான் என்று சாவியை என்னிடமே கொடுத்தார்கள். "அதிகாரிங்க வந்தா மட்டும் திறக்கணும், புரியுதா?" என்று கிளார்க் சொன்னான். புரியாமல் என்ன?

ஒரு யோசனை வந்தது எனக்கு. புதுப் பூட்டாயிற்றே, தூசி படக்கூடாது, நன்றாகக் கழுவி வைப்போம் என்று கழற்றினேன். கழுவ நல்ல தண்ணீர் அதிகாரிகளுக்கு மட்டும்தானே? அதனால் ஏரித் தண்ணீரிலேயே ஊறப்போட்டேன். நடுவில் எடுத்துக் காயவைத்தேன், மறுபடி ஊறப்போட்டேன். நியாகாட்டோ சங்கிலியையும் கொண்டுவந்து போட்டாள். "நல்லா ஊறட்டும் அட்யேரி, ஒண்ணும் செய்யாத உப்புதானே!" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பூட்டு துருப்பிடித்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. சாவி உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது. சங்கிலியைத் தொட்டால் துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. கிளார்க் வந்து பார்த்துவிட்டுக் குதித்தான். "பூட்டை என்ன பண்ணினீங்க?" என்றான்.

"உப்புப் பட்டுடுச்சு ஐயா. வேணும்னா மேல எழுதிப் போடுங்க, இந்த ஏரி உப்பு பூட்டைத் தின்னுதுன்னு" என்றேன்.

அவன் எழுத மாட்டான். எப்படி எழுதுவான்? எழுதினால் உப்பைப் பற்றிய அந்தப் பக்கத்தையும் மாற்றி எழுத வேண்டுமே. வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

இன்றைக்கு வேலை முடிந்து ஏறி வந்தபோது பியாமுகாமா முதல் ஆளாகக் குழாய்க்குப் போனான். "வழி விடுங்க, அதிகாரி வர்றேன்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கழுவினான். பின்னால் நாங்கள் எல்லாரும் அதிகாரிகள். நான் குனிந்து வலது கண்ணை விரித்து, தண்ணீர் உள்ளே ஓட ஓட வைத்திருந்தேன். அவ்வளவு குளிர்ச்சி. நிமிர்ந்து பார்த்தபோது மேட்டில் நிற்கிற முள்மரத்தின் கிளைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

காகிதத்தில் இன்னும் எரிச்சல் இல்லை என்றுதான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. நீ அந்தச் சரக்கறையில் கிடப்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக.

லீவு கிடைத்தால் வா. குளித்து, நெய் பூசிக்கொண்டுதான் நிற்பேன், சொல்லிவிட்டேன். உன் கைக்குத் தண்ணீர் நான் ஊற்றுவேன். இந்தத் தடவை கேனைச் சாய்த்து அளந்து ஊற்ற மாட்டேன். போதும் அக்கா என்று நீ சொல்கிறவரை குழாய் திறந்தே இருக்கும்.

உன் அட்யேரி